அட்டை இருக்கு, பக்கத்துல ஆள் இருக்காங்களா?

சென்னையிலயோ பெங்களூருலயோ உக்காந்து இதைக் கேக்குற நிறைய பேருக்கு ஊர்ல வயசான ஒருத்தர் இருப்பாங்க. எனக்கு என் அத்தை. முதுகுளத்தூர்ல இருந்து பஸ் ஏறிப் போகணும், அப்படி ஒரு கிராமம். சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. போன வாரம் போன்ல அவங்க கேட்ட கேள்விதான் இந்த எபிசோட். "ஏப்பா, எங்கிட்ட காப்பீட்டு அட்டை இருக்கே. இதை வச்சு இங்கனயே யாருகிட்டயாவது காட்டிக்கிற முடியாதா?"

முடியாதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிடலாம். ஆனா ஏன் முடியாதுங்கிறதுக்குப் பின்னாடி நூறு வருஷக் கதை இருக்கு.

அத்தை கேட்டதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, பெரிய டாக்டரா இல்லாட்டியும் முறையாப் படிச்ச ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். ரெண்டு, அவங்களுக்கான பணத்தை அரசாங்கம் கொடுக்கணும். ரெண்டும் ஒரே இடத்துல சேர்ந்தாதான் அத்தைக்குப் பிரயோஜனம்.

இதை அமெரிக்கா எப்படிச் செஞ்சதுன்னு முதல்ல பார்ப்போம். 1965-ல வட கரோலினாவுல இருக்கிற டியூக் பல்கலைக்கழகத்துல யூஜின் ஸ்டெட் என்கிற மருத்துவர் ஒரு புதுப் படிப்பைத் தொடங்கினார். கடற்படையில மருத்துவ உதவி வேலை பார்த்த 4 பேர்தான் முதல் மாணவர்கள். 'பிசிஷியன் அசிஸ்டென்ட்'ங்கிற வேலை அங்கதான் பிறந்தது. டாக்டரோட மேற்பார்வையில நோயாளியைப் பரிசோதிக்கலாம், மருந்து கொடுக்கலாம். ஆனா ஆளை உருவாக்கினது மட்டும் போதலை. 1977-ல ஒரு சட்டம் வந்தது. டாக்டர் எந்நேரமும் கூட இல்லாத கிராமத்து கிளினிக்ல இவங்க பார்த்தாலும், முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்ட் ரெண்டும் பணம் கொடுக்கணும்னு அந்தச் சட்டம் சொன்னது. ஆள் வந்து 12 வருஷம் கழிச்சுதான் பணம் பின்னாடி வந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இதே யோசனை சென்னை மாகாணத்துல அதுக்கு 40 வருஷம் முன்னாடியே இருந்தது.

1920-கள். நீதிக்கட்சி ஆட்சி, பனகல் அரசர் முதலமைச்சர். டாக்டர் எல்லாம் டவுன்லயே இருக்காங்க, கிராமத்துக்கு யாரும் வரலை. அப்ப அரசு ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு தனியார் டாக்டர் கிராமத்துல வந்து தங்கினா வருஷத்துக்கு இவ்வளவுன்னு மானியம். மருந்துக்குத் தனியாப் பணம். பதிலுக்கு அவர் ஏழைகளை இலவசமாப் பார்க்கணும். வசதி இருக்கிறவங்ககிட்ட ஃபீஸ் வாங்கிக்கலாம். அதாவது, அரசுப் பணத்தை ஏத்துக்கிற உள்ளூர் வைத்தியர். அத்தை தேடுற அதே ஆள்.

அப்படி வந்து தங்கினவங்கள்ல நிறைய பேர் எம்.பி.பி.எஸ். கிடையாது. எல்.எம்.பி. உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, "எல்.எம்.பி. டாக்டர்"னு சொன்னா டக்குன்னு ஞாபகம் வரும். பட்டப்படிப்பை விடச் சின்ன படிப்பு, மருத்துவப் பள்ளிகள்ல சொல்லிக் கொடுத்தாங்க. வேலூர்ல ஐடா ஸ்கடர் 1918-ல பெண்களுக்காகத் தொடங்கின பள்ளியும் எல்.எம்.பி. பள்ளிதான். இன்னைக்கு அதுதான் சி.எம்.சி.

இந்தத் திட்டத்துல ஒரு ஓட்டை இருந்தது. மானியம் மட்டும் வச்சு ஒரு குடும்பம் ஓடாது, ஃபீஸ் கொடுக்கிறவங்களும் ஊர்ல வேணும். காவிரிக் கரையில அப்படிப்பட்டவங்க கிடைப்பாங்க. கண்மாய் நிறைஞ்சாதான் சோறுங்கிற முதுகுளத்தூர் மாதிரி வானம் பார்த்த பூமியில? இது என் ஊகம்தான், ஆனா அங்க வந்து உக்கார ஒரு டாக்டருக்குப் பெரிய காரணம் இருந்திருக்காது.

அடுத்த திருப்பம் 1946. சர் ஜோசப் போர் தலைமையிலான குழுவோட அறிக்கை. அப்ப பிரிட்டிஷ் இந்தியாவுல சுமார் 47,500 டாக்டர்கள். அதுல கிட்டத்தட்ட 30,000 பேர் எல்.எம்.பி. மாதிரி உரிமம் பெற்றவங்க. இனிமே ஒரே தரம், ஒரே பட்டம், எல்லாரும் முழு டாக்டர்தான்னு குழு பரிந்துரை செஞ்சது. இருக்கிற ஆள் பற்றாக்குறையில இது சரியாங்கிற மாற்றுக் கருத்தும் குழுவுக்குள்ளயே பதிவாச்சு. கடைசியில அந்தச் சின்ன படிப்பு நின்னுபோச்சு. கிராமத்து ஆளுக்கும் தரமான டாக்டர் வேணும்ங்கிற நோக்கத்துல தப்பு சொல்ல முடியாது. ஆனா தரமான டாக்டர் வர்ற வரைக்கும் யார் பார்ப்பாங்கங்கிற கேள்வி அப்படியே நின்னது.

அதுக்கு அரசு சொன்ன பதில் ஆரம்ப சுகாதார நிலையம், 1952-ல இருந்து. சம்பளத்துக்கு டாக்டர், நர்ஸ், நோயாளிக்கு இலவசம். தமிழ்நாடு இதை மத்த பல மாநிலங்களை விட நல்லாவே செஞ்சது. 1994-ல மருந்து வாங்குறதுக்குன்னே தனிக் கழகம் அமைச்சதால, அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை கிடைக்கிறது சாதாரண விஷயமாச்சு.

அப்ப காப்பீடு எதுக்கு வந்தது? பெரிய ஆபரேஷனுக்காக. இதய ஆபரேஷன்னா நிலத்தை விக்கணும்ங்கிற நிலைமை. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோட இணைஞ்சது. இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். எத்தனையோ குடும்பத்தைக் கடன்ல இருந்து காப்பாத்தின திட்டம் இது.

ஆனா அது பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு, பட்டியல்ல இருக்கிற சிகிச்சைக்குத்தான் பணம் கொடுக்கும். கிட்னி போயிட்டா டயாலிசிஸுக்கு அத்தையோட அட்டை செல்லும். கிட்னி போகாம இருக்க மாசாமாசம் ஒருத்தர்கிட்ட காட்டணும் பாருங்க, அதுக்குச் செல்லாது. 1920-கள்ல அரசுப் பணம் கிராமத்துல உக்காந்திருக்கிற ஆளுக்குப் போச்சு. இன்னைக்குக் காப்பீட்டுப் பணம் கட்டில் போட்ட கட்டடத்துக்குப் போகுது.

சரி, பிசிஷியன் அசிஸ்டென்ட் இந்தியாவுல இல்லையா? இருக்காங்க. முதல் படிப்பு தொடங்கினதே நம்ம சென்னையிலதான். 1992, மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் முயற்சியில. 2021-ல வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டத்துல இவங்களுக்கு இடமும் கிடைச்சது. ஆனா இங்க இவங்க பிறந்தது பெரிய ஆஸ்பத்திரியோட ஆபரேஷன் தியேட்டர் பக்கம். அமெரிக்காவுல கிராமத்துக்குப் பணம் வழி காட்டுச்சு. இங்க அப்படி ஒரு வழி போடலை. அதனால முதுகுளத்தூர்ல ஒரு போர்டு மாட்டி, "அட்டை ஏற்றுக்கொள்ளப்படும்"னு ஒரு பி.ஏ. உக்கார முடியாது.

அப்ப அத்தைக்கு என்ன பதில்? அவங்க தேடுற ஆள் வேற பேர்ல வர்றாங்க, அட்டையே கேக்காம. துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர் இருப்பாங்க. 2018-க்கு அப்புறம் பல இடத்துல எம்.எல்.எச்.பி.ன்னு இன்னொரு நர்ஸையும் போட்டிருக்காங்க. பிரஷர், சுகர் பார்க்கிறது அவங்க வேலையில ஒண்ணு. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலமா மாத்திரை வீட்டுக்கே வரும். முதுகுளத்தூர்ல அரசு ஆஸ்பத்திரியும் இருக்கு. 2022-ல ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. அதுக்கு முன்னாடி மதுரை, சிவகங்கைன்னு ஓடணும்.

அதனால ஊருக்குப் போன் பண்ணும்போது "அட்டை இருக்கா?"ன்னு கேக்குறதோட நிறுத்திடாதீங்க. "உங்க ஊருக்கு வர்ற நர்ஸம்மா பேர் என்ன? கடைசியா எப்ப வந்தாங்க? பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?"ன்னு கேளுங்க. அத்தைகிட்ட கேட்டேன். பேர் தெரியுமாம், வந்து 2 மாசம் ஆச்சாம். இனி அந்த 2 மாசம் ஏன்னுதான் நான் விசாரிக்கணும்.

உங்க ஊர் எல்.எம்.பி. டாக்டர் கதை யாராவது வீட்டுல சொல்லியிருந்தா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.