டிஷ் முதல் திரை வரை: தமிழ்நாட்டில் வீட்டுச் செயற்கைக்கோள் இணைப்பின் வரலாறு – கீழ்பென்னாத்தூரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சியின் வரலாறு பொதுவாக நிலையங்களின் வரலாறாகவும் நிகழ்ச்சிகளின் வரலாறாகவும் எழுதப்படுகிறது. வானிலிருந்து வரும் அலையை வீட்டுத் திரையோடு சேர்க்கும் இணைப்பு அவ்வரலாற்றில் ஓரமாகவே நிற்கிறது. அந்த இணைப்பு யார் கையில் இருந்தது என்னும் வினாவை இக்கட்டுரை 1975 முதல் இன்றுவரை தொடர்ந்து பார்க்கிறது. டிஷ் ஆண்டெனா பெறும் அலையைத் தொலைக்காட்சிப் பெட்டி புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றும் பணி அரசிடமிருந்து கேபிள் நடத்துநரிடமும், அவரிடமிருந்து நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸிடமும் சென்றது. இப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளேயே வரத் தொடங்கியுள்ளது. வீட்டிலுள்ள டிஷ் யாருக்குப் பயன்படும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது இந்த மாற்றுப் பணியின் உரிமையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: டிஷ் ஆண்டெனா, செட்டாப் பாக்ஸ், இன்சாட், கேபிள் தொலைக்காட்சி, டிடிஹெச், கீழ்பென்னாத்தூர்

முன்னுரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி கீழ்பென்னாத்தூர். சென்னையிலிருந்து சாலைவழியே 150 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது அதன் தரைவழி அலை இயல்பாகச் சென்றடையும் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஊர்களுக்குத் தொலைக்காட்சி முறையாக வந்து சேரச் செயற்கைக்கோளின் துணை தேவைப்பட்டது. ஆகவே இணைப்பின் வரலாற்றை ஆராய்வதற்குப் பெருநகரைவிட இதுபோன்ற சிற்றூரே பொருத்தமான களமாகும்.

அரசின் கையில் இணைப்பு

இந்தியாவில் செயற்கைக்கோளிலிருந்து சிற்றூர்த் திரைக்கு நேரடியாகப் படம் வந்த முதல் பெரு முயற்சி, ‘சைட்’ எனப்பட்ட செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆகும். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 ஊர்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஆந்திரமும் கர்நாடகமும் அவற்றுள் இருந்தன, தமிழ்நாடு இடம்பெறவில்லை.

அச்சோதனையின் ஏற்பிக் கருவி இன்று நினைவுகூரத்தக்கது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் அமைந்த 3 மீட்டர் டிஷ் 860 மெகாஹெர்ட்ஸ் அலையை வாங்கியது. அந்த அலையைச் சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டி அப்படியே ஏற்காது. எனவே அலையை மாற்றித்தரும் தனிக்கருவி ஒன்று உடன் பொருத்தப்பட்டது. பின்னாளைய செட்டாப் பாக்ஸின் மூதாதை என இதனைக் கருதலாம். டிஷ், மாற்றுக்கருவி, பெட்டி ஆகிய மூன்றும் அரசின் உடைமை. ஊர்ப் பொதுவிடத்தில் மக்கள் கூடிப் பார்த்தனர். இதே காலத்தில் கொழும்பில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் இல்லத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனப் பொறியாளர்கள் ஒரு டிஷ்ஷை நிறுவினர். தனிமனிதரின் வீட்டில் செயற்கைக்கோள் டிஷ் என்பது அன்று அத்துணை அரியதொன்றாக இருந்தது.

1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி இந்நிலையை வேறு வகையில் மாற்றியது. செயற்கைக்கோள் அலையை அரசின் அஞ்சல் நிலையங்கள் வாங்கித் தரைவழி அலையாக மறுபடியும் பரப்பின. வீட்டுக்காரருக்குத் தேவைப்பட்டது குழாயின் உச்சியில் கட்டிய அலுமினிய ஆண்டெனா மட்டுமே. டிஷ்ஷும் மாற்றுப் பணியும் அரசிடமே தங்கின. பார்வையாளர் எளிதாக இணைந்தார். ஆயினும் எதைப் பார்ப்பது என்பதில் அவருக்குத் தேர்வு இல்லை.

கேபிள் நடத்துநரின் டிஷ்

1991-இல் வளைகுடாப் போரின் நேரடிக் காட்சிகளும், அதே ஆண்டில் ஆசியாசாட்-1 வழியாகத் தொடங்கிய ஸ்டார் அலைவரிசைகளும் தனியார் டிஷ்களுக்கு வழி திறந்தன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கிய பின் தமிழ்ச் சிற்றூர்களிலும் அதன் தேவை உறுதிப்பட்டது. அக்கால ஒளிபரப்புகள் ‘சி பட்டை’ எனப்படும் 4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளில் வந்தன. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 7.5 செ.மீ. அலைநீளம் மிகுந்ததாலும் அன்றைய செயற்கைக்கோள்களின் ஆற்றல் குறைந்திருந்ததாலும் பல அடி விட்டமுள்ள பெரிய டிஷ் தேவைப்பட்டது. தனி வீட்டால் அச்செலவைத் தாங்க இயலாது. தெருவுக்கு ஒருவர் டிஷ்ஷை நிறுவி, மின்கம்பங்களிலும் மரங்களிலும் கம்பி இழுத்து, வீடுகளுக்கு மாதக் கட்டணத்தில் இணைப்பு வழங்கும் தொழில் இவ்வாறு உருவாயிற்று.

கேபிள் நடத்துநர் ஒவ்வோர் அலைவரிசையையும் தம் கட்டுப்பாட்டு அறையிலேயே பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஏற்கும் வடிவுக்கு மாற்றி அனுப்பினார். ஆகவே வீட்டில் பெட்டியின் பின்புறம் ஒரு கம்பியைச் செருகினாலே போதும். இடையில் கருவி ஏதும் வேண்டியதில்லை. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் (ஒழுங்குமுறை) சட்டம் இத்தொழிலுக்குப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 9 அன்று, வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலை பொதுவுடைமை என்றாயினும் அதைத் திரைக்குக் கொண்டுவரும் கம்பி தனியுடைமையாகவே நின்றது. இம்முரண் அடுத்த கட்டத்தில் மேலும் கூர்மையடைந்தது.

வீட்டுக் கூரைக்கு வந்த டிஷ்

‘கேயூ பட்டை’ எனப்படும் 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலையின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. மட்டுமே. ஆற்றல் மிக்க செயற்கைக்கோளும் சேர்ந்தால் 60 செ.மீ. டிஷ்ஷே போதும். தொழில்நுட்பம் ஆயத்தமாக இருந்தும் 1997 ஜூலையில் மைய அரசு இத்தகைய வீட்டு ஏற்பிகளுக்குத் தடை விதித்தது. 2000-இல் தடை நீக்கப்பட்டு, 2001 மார்ச்சில் டிடிஹெச் வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. 2003-இல் டிஷ் டிவியும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையான டிடி டைரக்ட் பிளஸ்ஸும், 2006-இல் டாடா ஸ்கையும் தொடங்கின. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் சன் டைரக்ட் தமிழ்நாட்டில் காலூன்றியது.

தமிழகத்தில் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்ற சூழல் தனித்தன்மை உடையது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களுக்கு 14 அங்குலப் பெட்டியை வழங்கியது. திரை அரசிடமிருந்து வந்தது. அதை நிரப்பும் இணைப்பைக் குடும்பமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. 2007-இல் நிறுவப்பட்ட அரசு கேபிள் டிவி கழகம் 2011 செப்டம்பரில் 70 ரூபாய் மாதக் கட்டணத்துடன் புத்துயிர் பெற்றதும் இத்தேவையின் விளைவே.

டிடிஹெச் முறையில் மாற்றுப் பணி வீட்டுக்குள் வந்தது. டிஷ்ஷின் முகப்பில் உள்ள எல்.என்.பி. என்னும் கருவி 12 கிகாஹெர்ட்ஸ் அலையை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையாகத் தாழ்த்திக் கோஆக்சியல் கம்பி வழியே அனுப்புகிறது. அதற்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கம்பியில் செட்டாப் பாக்ஸிலிருந்து மேலே செல்கிறது. டிஷ்ஷின் கம்பியைப் பழைய தொலைக்காட்சியின் ஆண்டெனாத் துளையில் நேரே செருகினால் படம் வராமைக்கு இதுவே காரணம்: எல்.என்.பி.க்கு மின்சாரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வரும் எண்ணியல் அலையைப் பிரித்தறியும் பகுதி அப்பெட்டியில் இல்லை. கட்டண அலைவரிசையாயின் மறைகுறியை அவிழ்க்கும் அட்டையும் வேண்டும். அந்த அட்டை நிறுவனத்துடையது.

திசையும் பூட்டும்

கீழ்பென்னாத்தூர் ஏறத்தாழ வடக்கு 12.25 பாகை, கிழக்கு 79.23 பாகையில் உள்ளது. இவ்விடத்திலிருந்து கணக்கிட்டால், டாடா பிளே பயன்படுத்தும் 83 பாகை நிலை தெற்கிலிருந்து சற்றே கிழக்கே, அடிவானுக்கு 75 பாகை உயரத்தில் அமைகிறது. டிடி ஃப்ரீ டிஷ் இருக்கும் 93.5 பாகை நிலை தென்கிழக்கில் 68 பாகை உயரத்திலும், ஏர்டெல்லின் 108.2 பாகை நிலை கிழக்கை நெருங்கி ஏறத்தாழ 54 பாகை உயரத்திலும் உள்ளன. ஒரே தெருவின் கூரைகளில் டிஷ்கள் வெவ்வேறு திசை நோக்குவது இதனாலேயாகும்.

இத்திசை எத்துணை நுட்பமானது என்பதை 2010 ஜூலை 7 காட்டியது. அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் ஏற்பட்ட பழுதால் அதன் ஒளிபரப்புத் திறனில் பாதி நிறுத்தப்பட்டது. சன் டைரக்ட் 93.5 பாகையிலிருந்து 91.5 பாகையிலுள்ள மீசாட்-3க்கு மாறியது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 பாகையே. எனவே 2 பாகை இடமாற்றத்துக்கும் வீடுவீடாக டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதாயிற்று.

ஆனால் திசையைத் திருப்புதல் சில நிமிட வேலை. திருக முடியாதது பூட்டு. பல்வேறு நிறுவனங்களிடையே செட்டாப் பாக்ஸ் பொதுவாக இயங்க வேண்டும் என்னும் நிபந்தனை 2001 வழிகாட்டு நெறிகளிலேயே இருந்தது. நடைமுறையில் அது கைகூடவில்லை. அதற்கு வழிகாண 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் மீண்டும் பரிந்துரை செய்ய நேர்ந்தது. நிறுவனம் மாறும் குடும்பம் நல்ல நிலையிலுள்ள பழைய பெட்டியை ஒதுக்கிப் புதிய பெட்டி பெறுவதும், கட்டணம் நின்ற டிஷ் கூரையில் துருப்பிடிப்பதும் இதன் விளைவுகள்.

டிஷ்ஷும் எல்.என்.பி.யும் பழுதின்றி இருந்து, எல்.என்.பி. ஏற்ற வகையினதாகவும் அமைந்தால், அந்த டிஷ்ஷை 93.5 பாகைக்குத் திருப்பிக் கட்டணமில்லா ஏற்பி ஒன்றைச் சேர்ப்பதன் வழி டிடி ஃப்ரீ டிஷ்ஷைப் பெறலாம். மாதச் சந்தா இல்லை. இந்தியத் தர அமைவனம் வெளியிட்ட ஐ.எஸ். 18112:2022 தரம் இதனை இன்னும் ஒரு படி முன்னெடுக்கிறது. செயற்கைக்கோள் ஏற்பி உள்ளமைந்த தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது இலக்கணம் வகுக்கிறது. அத்தகைய பெட்டியில் டிஷ்ஷின் கம்பியை நேரே செருகிக் கட்டணமில்லா அலைவரிசைகளைப் பார்க்கலாம். 1975-இல் ஊர்ப் பொதுவிடத்தில் தனியே நின்ற மாற்றுக்கருவி இவ்வாறு திரைக்குப் பின்னால் மறைகிறது.

இவ்விடத்தில் ஒரு குறையும் சுட்டத்தக்கது. ஃப்ரீ டிஷ் தொகுப்பில் டிடி தமிழ் கிடைக்கிறது. தமிழ் மக்கள் மிகுதியாகப் பார்க்கும் தனியார் பொழுதுபோக்கு அலைவரிசைகள் கட்டணச் சேவைகளாதலால் அதில் இடம்பெறவில்லை. இந்தி பேசும் ஊர்களில் கட்டணமில்லா டிஷ் பெற்றுள்ள பயன்பாட்டைத் தமிழகத்தில் பெறாமைக்கு இது முதன்மையான காரணம் எனலாம்.

முடிவுரை

ஏறத்தாழ அரை நூற்றாண்டில் டிஷ்ஷின் விட்டம் 3 மீட்டரிலிருந்து 60 செ.மீ.க்குச் சுருங்கியது, ஊர்ப் பொதுவிடத்திலிருந்து வீட்டுக் கூரைக்கு வந்தது. ஆயினும் உடைமை இடம்பெயர்ந்த அளவுக்கு உரிமை இடம்பெயரவில்லை. அலையை மாற்றும் கருவி அரசிடம் இருந்தபோது தேர்வு அரசுடையதாகவும், கேபிள் அறையில் இருந்தபோது நடத்துநருடையதாகவும், பூட்டிய பெட்டியில் இருந்தபோது நிறுவனத்துடையதாகவும் இருந்தது. தொலைக்காட்சிக்குள் ஏற்பி அமைவது இவ்வரிசையில் முதன்முறையாக இணைப்பைப் பார்வையாளரிடம் ஒப்படைக்கும் வாய்ப்பைத் தருகிறது. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் அவ்வாய்ப்பு பயனாக மலர்வது, கட்டணமில்லா வானில் தமிழுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அமையும்.