ரொட்டிக்குள் புகுந்த பூரணம்

மும்பையில் வாழும் தமிழர் காலை வேளையில் தெருமுனைக் கடையில் வாங்கும் ரொட்டிக்குப் பாவ் என்று பெயர். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பர். ஜப்பானியரோ பான் என்பர். இம்மூன்று சொற்களுக்கும் தாய் ஒன்றே. போர்ச்சுகீசிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லே நாட்டுக்கு நாடு ஒலி திரிந்து இவ்வாறு வழங்குகிறது. பதினாறாம் நூற்றாண்டில் கோவாவிலும் கொழும்பிலும் ஜப்பானிலும் நங்கூரமிட்ட கப்பல்கள் அச்சொல்லையும் பொருளையும் ஒருங்கே இறக்கிச் சென்றன. வந்த விருந்தாளி ஒருவரே. குடியேறிய வீடுகள்தாம் வெவ்வேறு. அவற்றுள் ஜப்பான் என்னும் வீட்டில் அந்த விருந்தாளி உறவினரான வரலாறு நாம் அறிந்து மகிழத்தக்கது.

போர்ச்சுகீசியர் முதன்முதலில் ஜப்பானியத் தீவொன்றில் கரையேறிய ஆண்டு 1543. பின்னர் நாகசாகி துறைமுகம் அவர்களது வாணிகத்தின் இருப்பிடமாயிற்று. கோதுமை மாவும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட மெத்தென்ற பணியாரம் ஒன்றை அவர்கள் வழியாக ஜப்பானியர் கற்றனர். காஸ்தேலா எனப்படும் அப்பணியாரம் இன்றளவும் நாகசாகியின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் ரொட்டிக்கு அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. கிறிஸ்தவ சமயம் தடை செய்யப்பட்டு, 1639-இல் போர்ச்சுகீசியரும் நாட்டைவிட்டு அகற்றப்பட்டபின், அந்நிய சமயத்தின் சாயல் படிந்த உணவாகிய ரொட்டி மக்கள் வாழ்விலிருந்து மறைந்தது. ஒல்லாந்த வணிகர்க்கு ஒதுக்கப்பட்ட சிறு தீவிலேதான் அது உயிர் பிழைத்திருந்தது.

இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் ரொட்டி மீண்டும் தலைகாட்டியது போர் உணவாக. 1842-இல் எகாவா ஹிதெதாட்சு என்னும் அதிகாரி படைவீரர்க்கென ரொட்டி சுடுவித்தார். களத்தில் சோறு சமைத்தால் எழும் புகை, படை தங்கியுள்ள இடத்தைப் பகைவர்க்குக் காட்டிக் கொடுத்துவிடும். ரொட்டிக்கு அந்த இடர் இல்லை. எனினும் அது கடினமாகச் சுடப்பட்ட ரொட்டி. வயிற்றை நிரப்புமே அன்றி நாவுக்கு இன்பம் தராது. சோறுண்டு பழகிய மக்கள் அதை விரும்பி வாங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

1868-இல் மெய்ஜி சக்கரவர்த்தியின் ஆட்சி தோன்றியது. பழைய சமுதாய அமைப்பு சரிந்தது. வாளேந்திப் பிழைத்த போர்வீரர் குலத்தார் வேறு வழி தேட வேண்டியவராயினர். அவர்களுள் ஒருவர் கிமுரா யாசுபே. ஐம்பது வயதைக் கடந்த நிலையில், தம் முன்னோர் கண்டும் அறியாத ரொட்டித் தொழிலை அவர் மேற்கொண்டார். 1869-இல் தோக்கியோ நகரில் அவர் திறந்த கடை விரைவில் தீக்கிரையாயிற்று. மறு ஆண்டு கின்சா பகுதியில் கிமுராயா என்ற பெயருடன் மீண்டும் கடை வைத்தார். 1872-இல் கின்சாவையே சூறையாடிய பெருந்தீக்குப் பின்னரும் அவர் தொழிலைக் கைவிடவில்லை.

தீயைவிடப் பெரிய இடையூறு ஒன்று அவருக்கு இருந்தது. மேனாட்டார் ரொட்டியைப் புளிக்க வைக்கும் நொதி அக்காலத்து ஜப்பானில் எளிதிற் கிடைக்கவில்லை. வாங்குவோர்க்கு ரொட்டியின் சுவையும் பிடிக்கவில்லை. கிமுராவும் அவர் மைந்தர் எய்சாபுரோவும் இரண்டு இடர்களுக்கும் தீர்வைத் தம் நாட்டு அடுக்களையிலேயே கண்டனர். அரிசியிலிருந்து சாக்கே என்னும் மது காய்ச்சும் முறையில் உண்டாக்கிய புளிப்பையே ரொட்டி மாவில் சேர்த்தனர். மாவு பொங்க நெடுநேரம் பிடித்தது. ஆனால் ரொட்டி மென்மையாக, இனிய மணத்துடன் வெந்தது. அதனுள்ளே, வேகவைத்து மசித்துச் சர்க்கரை கூட்டிய செம்பயற்றுப் பூரணத்தை வைத்தனர். ஆண்டு 1874. பூரணத்துக்கு ஜப்பானிய மொழியில் அன் என்று பெயர். ஆகவே அந்த ரொட்டி அன்பான் ஆயிற்று. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் வேறொரு பொருளும் தருவது தற்செயலே எனினும் இனிமையானது.

இந்தப் பூரணமும் ஆதியில் வந்தேறிதான். சீனத்திலிருந்து வந்த, மாவினுள் இறைச்சி பொதிந்த பண்டம் ஒன்று, புலால் மறுத்த பௌத்தத் துறவியர்க்காகப் பயற்றுப் பூரணம் ஏற்று மஞ்சு என்னும் பலகாரமாயிற்று என்பது அந்நாட்டு மரபு. முன்னர் ஒரு விருந்தாளிக்குச் செய்த உபசாரத்தையே கிமுரா இரண்டாம் விருந்தாளிக்கும் செய்தார் எனலாம். நமக்கும் இது புதிதன்று. கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்ந்த பூரணத்தை அரிசி மாவில் பொதிந்து கொழுக்கட்டை செய்பவர் நாம். ஆப்ப மாவில் கள் சேர்த்துப் புளிக்க வைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. தோக்கியோவின் அன்பானை முதன்முறை சுவைக்கும் தமிழர், இதை எங்கோ உண்டிருக்கிறோமே என்று ஒரு கணம் மயங்கினால் வியப்பதற்கில்லை.

1875 ஏப்ரல் 4-ஆம் நாள், சுமிதா ஆற்றங்கரை மாளிகை ஒன்றுக்கு மெய்ஜி சக்கரவர்த்தி எழுந்தருளினார். அவருடைய அணுக்கரான யமாவோகா தெஷுவின் முயற்சியால் அன்பான் அரச சமுகத்தில் படைக்கப்பட்டது. அது செர்ரி மலரின் பருவம். ஆகவே ரொட்டியின் நடுவில் குழி செய்து, உப்பிலிட்ட செர்ரி மலர் ஒன்றைப் பதித்திருந்தார் கிமுரா. இனிப்போடு சிறிது உப்பும் கலந்த அச்சுவை சக்கரவர்த்திக்கு உவப்பாயிற்று. போர்வீரரின் வறண்ட உணவாயிருந்தது அரண்மனைப் பண்டமாயிற்று. அங்கிருந்து தெருவெங்கும் பரவிற்று. 1900-இல் கிமுராயா, பழப்பாகு வைத்த ரொட்டியையும் விற்கத் தொடங்கிற்று.

இனி இவ்வரலாறு இந்தியாவை வந்து தொடுகிறது. 1901-இல் சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோ அம்மையாரும் தோக்கியோவில் நகமுராயா என்னும் ரொட்டிக் கடையை வாங்கி நடத்தினர். மேனாட்டுப் பாலேட்டுப் பணியாரம் ஒன்றைச் சுவைத்து வியந்த சோமா, பயற்றுப் பூரணத்துக்கு ஈடாகப் பாலும் முட்டையும் சேர்ந்த பாகை வைத்து 1904-இல் புதியதோர் இனிப்பு ரொட்டியை உருவாக்கினார். கடை பின்னர் ஷின்ஜுகு பகுதிக்குப் பெயர்ந்தது.

1915-இல் அக்கடையின் கதவை ஒரு மனிதர் தட்ட நேர்ந்தது. அவர் ராஷ் பிஹாரி போஸ். 1912-இல் தில்லியில் வைசிராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசிய முயற்சியில் தொடர்புடையவராகத் தேடப்பட்டு, மாற்றுப் பெயரில் ஜப்பானுக்குத் தப்பி வந்தவர். அன்றைய ஜப்பான் பிரிட்டனின் நேச நாடு. ஆகவே அவரை வெளியேற்ற ஆணை பிறந்தது. கப்பலேறினால் பிரிட்டிஷார் கையில் சிக்குவது உறுதி, சிக்கினால் தூக்குமேடைதான். அந்நிலையில் சோமா தம்பதியர் தம் ரொட்டிக் கடையின் பின்புறக் கட்டடத்தில் அவரை மறைத்து வைத்தனர். முன்னே இனிப்பு ரொட்டி விற்பனை. பின்னே உயிருக்கு ஒளிந்திருந்த இந்தியர். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கடைப் பணியாளரும் அந்த ரகசியத்தைக் காத்தனர். அந்த ஆணை 1916-இல் தளர்ந்தது.

ஆயினும் அபாயம் ஓயவில்லை. 1918-இல் சோமாவின் மகள் தோஷிகோ, போஸை மணந்து அவரது தலைமறைவு வாழ்வின் இன்னலைப் பகிர்ந்துகொண்டார். 1925-இல் இளவயதிலேயே அம்மாதரசி காலமானார். 1927-இல் நகமுராயா திறந்த சிற்றுண்டிச் சாலையில், போஸ் கற்பித்த இந்திய முறைக் கறியும் சோறும் பரிமாறப்பட்டன. பின்னாளில் இந்திய சுதந்திர லீகின் தலைமையை ஏற்ற போஸ், 1943-இல் சிங்கப்பூரில் அப்பொறுப்பை நேதாஜியிடம் ஒப்புவித்தார். அப்படையில் மலேயாத் தமிழர் பல்லாயிரவர் சேர்ந்தனர். ராஷ் பிஹாரி போஸ், 1945 ஜனவரியில், நாட்டின் விடுதலையைக் காணாமலே தோக்கியோவில் மறைந்தார்.

அந்நிய ரொட்டிக்குத் தம் அரிசிப் புளிப்பையும் பயற்றையும் ஈந்த நகரில், அந்நிய மனிதர் ஒருவர்க்குத் தம் வீட்டையும் மகளையும் ஈந்தவரும் இருந்தனர். ரொட்டி அங்கே ரொட்டியாகவே இருந்தது. பான் என்ற பெயரையும் இழக்கவில்லை. போஸும் இறுதிவரை இந்தியராகவே எண்ணினார், உழைத்தார். கிமுராயாவும் நகமுராயாவும் இன்றும் தோக்கியோவில் உள்ளன. பிறந்த ஊரைவிட்டுப் பிற மாநிலங்களில் அடுப்பு மூட்டியிருக்கும் நமக்கு, அவ்வூரார் தரும் புளிப்பை ஏற்பதிலோ நம் பூரணத்தை அவர்க்கு அளிப்பதிலோ இழப்பு ஏதும் இல்லை என்பதற்கு அக்கடைகள் இரண்டும் சான்று.