பறக்கும் கப்பல்

மலாயில் விமானத்துக்கு இரண்டு சொல் உண்டு. டிவியில் செய்தி வாசிப்பவர் ‘பெசாவாட்’ என்பார். மாமாக் கடையில் தே தாரேக் குடிப்பவரும், குழந்தைக்கு வானத்தைக் காட்டும் அம்மாவும் சொல்வது ‘கப்பால் தெர்பாங்’. தெர்பாங் என்றால் பறத்தல். கப்பால்? நம்ம கப்பலேதான்.

இந்த இடத்தில் நம்மாட்கள் உடனே நெஞ்சை நிமிர்த்திவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கப்பல் ஓட்ட மலாய்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பெராஹு, ஜோங் என்று அவர்கள் கலங்களுக்கு அவர்களிடமே பெயர் இருந்தது. பாய்மரக் கப்பலை ‘கப்பால் லாயார்’ என்கிறார்கள். அதில் பாய்க்கான லாயார் அவர்களுடையது. கடை ‘கெடாய்’ ஆனதும் பெட்டி ‘பெத்தி’ ஆனதும் எப்படியோ, கப்பலும் அப்படித்தான் போயிருக்கும். வியாபாரத்தோடு. சுமத்ராவின் பாருஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, வந்துசேரும் கலங்களின் தலைவர்கள் கட்டவேண்டிய வரியைப் பேசுகிறது. வேடிக்கை என்னவென்றால் அதில் வருவது ‘மரக்கலம்’.

சொல்லை வாங்கியவர்கள் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. நீராவிக் கப்பல் வந்ததும் ‘கப்பால் அப்பி’, அதாவது நெருப்புக் கப்பல். நீர்மூழ்கி ‘கப்பால் செலாம்’. விண்கலம் ‘கப்பால் அங்காசா’. 1911 மார்ச்சில் பெல்ஜியக்காரர் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் சிங்கப்பூரில் முதல்முதலாக விமானம் ஓட்டிக் காட்டினார். மரச்சட்டமும் துணியுமாக இருந்த அந்த பிரிஸ்டல் பாக்ஸ்கைட்டின் படத்தைப் பார்த்தால் எனக்குக் கப்பல் ஞாபகம் வரவே வராது. பெட்டிப் பட்டம்தான். ஆனாலும் கடலை நம்பி வாழ்ந்தவர்களுக்கு, ஆளை ஏற்றிக்கொண்டு போகிற எதுவும் கப்பல்தானே.

நாம் வேறு வழியில் போனோம். ‘ஆகாயக் கப்பல்’ என்று தமிழிலும் எழுதிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ‘விமானம்’ நின்றது. அளவு என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. தேவர்களின் ஊர்திக்கும் கருவறை மேலுள்ள கட்டுமானத்துக்கும் ஒரே பெயர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 1010லிருந்து அசையாமல் நிற்கிறது. பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ரசனை.

கப்பலை நாம் துக்கத்துக்கு ஒதுக்கிவிட்டோமோ என்றும் தோன்றும். மானம் போனால் ‘கப்பலேறிடுச்சு’ என்கிறோம். பள்ளியில் ஒருத்தன் என்னிடம் ‘நாயிக் கப்பால், பாலிக் இந்தியா’ என்றான், கப்பலேறி ஊருக்குப் போ என்று. திட்டுவதற்கும் அவனுக்கு நம்ம சொல் தேவைப்பட்டிருக்கிறது. அன்று அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வலி குறைந்திருக்காது.

நம் தாத்தா பாட்டிகள் பேச்சில் வரும் கப்பல் பெரும்பாலும் எஸ்.எஸ். ரஜூலா. 1926இல் ஓடத் தொடங்கி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஆட்களை ஏற்றி இறக்கியது. 1970களில் அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்தது, அந்தப் பயணிகள் சேவையும் அத்தோடு முடிந்தது. இப்போது என் பாட்டி சென்னைக்குப் போவதானால் ‘பிளேன்ல போறேன்’ என்கிறார். பக்கத்து வீட்டு மாக்சிக் விசாரித்தால் மட்டும், ‘நாயிக் கப்பால் தெர்பாங்’.