உதகையில் பிறந்த அவைத்தலைவர்

நீலகிரி மலைமேல் உள்ள உதகமண்டலத்தை நம்மில் அறியாதார் இரார். 1932ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள், அவ்வூரில் ஓர் ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரருக்கு ஆண்மகவு பிறந்தது. கிரிக்கெட் ஆட்டத்தில் அத்தந்தைக்கு இருந்த பற்று, மகனுக்கு இட்ட பெயரிலேயே விளங்கிற்று. மைக்கேல் காலின் கௌட்ரி என்பதன் முதலெழுத்துகள் எம்.சி.சி. என அமைந்தன. லண்டன் லார்ட்ஸ் மைதானத்துக்கு உரிமை பூண்ட மெரில்போன் கிரிக்கெட் கழகத்தின் சுருக்கப் பெயரும் அதுவே. ஐந்தாம் வயதில் அச்சிறுவன் பிறந்த மண்ணை நீங்கி, இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றான்.

கௌட்ரி 1954ஆம் ஆண்டு டெஸ்ட் ஆட்டத்தில் புகுந்தார். மொத்தம் 114 டெஸ்டுகளில் 7,624 ஓட்டங்களும் 22 சதங்களும் எடுத்தார். நூறு டெஸ்டுகள் ஆடிய முதல் மனிதர் அவரே. 1963இல் லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து ஆடுகையில், வெஸ் ஹால் வீசிய பந்தால் அவருடைய இடக்கை எலும்பு முறிந்தது. ஆயினும் இரண்டே பந்துகள் எஞ்சி, ஆறு ஓட்டங்கள் தேவைப்பட்ட வேளையில், கட்டுப்போட்ட கையுடன் கடைசி ஆட்டக்காரராக அவர் களம் புகுந்தார். ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. உடல் வலியைப் பொறுக்கும் துணிவு அவரிடம் நிரம்ப இருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால் அவைக்கு வேண்டிய துணிவு வேறு. 1968இல் தென்னாப்பிரிக்கா செல்ல வேண்டிய இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் கூடியது. கேப் டவுனில் பிறந்து, நிறவேற்றுமைச் சட்டங்களால் தாய்நாட்டில் வாய்ப்பிழந்து, இங்கிலாந்தில் குடியேறி ஆடியவர் பேசில் டோலிவேரா. சில நாட்களுக்கு முன்தான் ஓவல் மைதானத்தில் அவர் 158 ஓட்டங்கள் குவித்திருந்தார். எனினும் அவர் பெயர் பட்டியலில் இல்லை. அணித்தலைவரான கௌட்ரியும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தார். அவர் உறுதியாக வற்புறுத்தியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்ற குறை அவர்மீது நிலைத்தது. பின்னர் வேறொருவர் காயத்தால் விலகவே, டோலிவேரா சேர்க்கப்பட்டார். தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார், பயணம் கைவிடப்பட்டது. 1970க்குப் பின் அந்நாடு டெஸ்ட் அரங்கினின்றும் விலக்கப்பட்டது.

காலம் அவரை மீண்டும் அதே கேள்வியின் முன் நிறுத்தியது. 1989 முதல் 1993 வரை அவர் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவராக இருந்தார். நிறவேற்றுமையின் அடிப்படைச் சட்டங்கள் நீக்கப்பட்டு, அந்நாட்டின் பிரிந்து கிடந்த கிரிக்கெட் சங்கங்கள் ஒன்றாக இணைந்த பின்னரே, 1991 ஜூலையில் தென்னாப்பிரிக்கா கவுன்சிலில் மீண்டும் இடம்பெற்றது. அதனை முன்மொழிந்த நாடு இந்தியா. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள், கல்கத்தா ஈடன் தோட்டத்தில் தென்னாப்பிரிக்கர் இந்திய அணியுடன் ஆடிச் சர்வதேச அரங்கில் மறுபிரவேசம் செய்தனர்.

கௌட்ரியின் காலத்தில் வேறு மாறுதல்களும் நிகழ்ந்தன. ஆட்டக்காரரின் ஒழுங்கைக் கண்காணிக்க நடுவர்களுக்கு மேலாக ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டார். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் வைத்திருந்த தடை அதிகாரம் 1993இல் ஒழிந்தது. அவருக்குப் பின் அந்நாற்காலியில் அமர்ந்தவர் பார்படோஸ் தீவின் கிளைட் வால்காட். ஆங்கிலேயர் அல்லாத முதல் தலைவர் அவரே.

1997இல் பிரபுப் பட்டம் பெற்ற கௌட்ரி, 2000ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் மறைந்தார். ஆட்டத்தின் விதிகளுக்கு முன்னுரையாக, விளையாட்டின் நற்பண்பை வற்புறுத்தும் பகுதி ஒன்று அதே ஆண்டு சேர்க்கப்பட்டது. அதற்கு உழைத்தோருள் அவரும் ஒருவர். 1968இல் அவர்மீது விழுந்த குறையைப் பின்னாளைய தொண்டு துடைத்துவிடவில்லை. ஆயினும் அன்று அடைபட்ட வாயில் நேர்மையான முறையில் திறந்தபோது, தலைமை இருக்கையில் இருந்தவர் அவர்தாம். அவர் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுதல் முறையாகும்.