மாலத்தீவு முதல் பாலி வரை: தன்பாலின ஜோடிகள் டூர் போனால் சிக்கல் வருமா?

மாலத்தீவு, இலங்கை, பாலி, மொரிஷியஸ். டூர் பேக்கேஜ் விளம்பரங்களில் நான்குமே ஒரே மாதிரிதான்: நீலக்கடல், தென்னை மரம், கைகோத்து நடக்கும் ஜோடி. அந்த ஜோடி இரண்டு ஆண்களாகவோ இரண்டு பெண்களாகவோ இருந்தால் நிலைமை மாறுகிறது. சட்டம் ஒன்று சொல்லும், ஹோட்டல் வேறு மாதிரி நடத்தும், ஊர்க்காரர்கள் பார்வை இன்னொன்றாக இருக்கும்.

மாலத்தீவு: ரூம் கொடுப்பாங்களா?

2015-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டப்படி, தன்பாலின உறவுக்கு 8 ஆண்டுகள் வரை சிறை. கசையடியும் உண்டு. ஆனாலும் பல ரிசார்ட்டுகள் தன்பாலின ஜோடிகளுக்குக் கேள்வி கேட்காமல் அறை தருகின்றன. காரணம், அங்கே ரிசார்ட் ஒரு தீவு, மக்கள் வாழும் ஊர் வேறு தீவு. ஊரில் தடைசெய்யப்பட்ட மது ரிசார்ட்டில் கிடைப்பதும் இப்படித்தான். ஆனால் இது கண்டுகொள்ளாமல் விடுவதுதானே தவிர, உரிமை அல்ல. மக்கள் வாழும் தீவுகளில் கெஸ்ட் ஹவுஸ் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இலங்கை: பிரிட்டிஷ் காலச் சட்டம்

1883-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018-ல் முடக்கிய 377-வது பிரிவும் இதே காலனிய வேரில் வந்ததுதான். இந்த உறவைக் குற்றமற்றதாக்கும் தனிநபர் மசோதா அரசியல் சாசனத்துக்கு எதிரானது அல்ல என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. ஆனால் அந்த மசோதா சட்டமாகவில்லை. இத்தனைக்கும் கொழும்பில் 2005 முதலே பிரைடு நிகழ்வுகள் நடந்து வருகின்றன.

பாலி: ஜாலியான ஊர்தான், ஆனால்...

செமின்யாக் பகுதியில் தன்பாலினத்தவருக்கான பார்கள் பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே இயங்குகின்றன. ஆனால் 2021 ஜனவரியில், தன்பாலினத்தவருக்கு ஏற்ற ஊர் பாலி என்று ட்விட்டரில் எழுதிய அமெரிக்கப் பெண் ஒருவரை இந்தோனேசியா நாடு கடத்தியது. விசா விதிமீறலோடு இந்தப் பதிவையும் அதிகாரிகள் காரணமாகக் காட்டினர்.

2022-ல் நிறைவேறிய இந்தோனேசியாவின் புதிய குற்றவியல் சட்டம் 2026 ஜனவரி 2 முதல் அமலாகிறது. திருமணத்துக்கு வெளியேயான உறவுக்கு ஓராண்டு வரை சிறை. துணைவர், பெற்றோர் அல்லது பிள்ளைகள் புகார் கொடுத்தால் மட்டுமே வழக்கு. இதனால் சுற்றுலாப் பயணிக்கு ஆபத்து குறைவு. ஆனால் தன்பாலினத் திருமணத்துக்கே அங்கு இடமில்லாததால், உள்ளூர் இளைஞருக்குச் சொந்த வீட்டிலிருந்தே வழக்கு வரலாம்.

மொரிஷியஸ்: கோர்ட் மாறியது, ஊர்?

1838-ம் ஆண்டுச் சட்டத்தின் 250-வது பிரிவு, விருப்பத்துடன் சேரும் வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 4-ல் தீர்ப்பளித்தது. அது மொரிஷியஸ் மக்களின் விழுமியம் அல்ல, காலனி ஆட்சி விட்டுச்சென்றது என்றும் கூறியது. ஆனால் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் இல்லை. 2018-ல் எதிர்ப்பாளர்கள் திரண்டதால் தலைநகர் போர்ட் லூயிஸில் பிரைடு பேரணியே ரத்தானது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டியவை

* ஒரே படுக்கை அறை தேவை என்பதை புக்கிங்கின்போதே சொல்லி, எழுத்தில் உறுதி வாங்குங்கள்.
* ரிசார்ட்டில் கிடைத்த மரியாதையைப் பஸ்ஸிலும் கடைத்தெருவிலும் எதிர்பார்க்க வேண்டாம். பொது இடத்தில் நெருக்கம் காட்டுவதை ஆண்-பெண் ஜோடிகளிடம்கூட இந்த ஊர்களில் பலர் விரும்புவதில்லை.
* டேட்டிங் ஆப்பில் அறிமுகமானவரை முதன்முதலில் பொது இடத்தில் சந்தியுங்கள்.
* உள்ளூர் நண்பர்களின் படத்தை அனுமதியில்லாமல் பதிவிடாதீர்கள், டேக் செய்யாதீர்கள். லீவு முடிந்ததும் நீங்கள் ஃபிளைட் ஏறிவிடுவீர்கள். அந்தப் படத்துக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.