கழுநீர்ப் பானை எங்கே போனது? தஞ்சோங் மாலிம் வட்டார வீடுகளும் உணவுக் கழிவும்



மறுசுழற்சி என்று தலைப்புக் கொடுத்தால் போதும், பத்தில் எட்டுக் கட்டுரைகளில் ஒரே வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும்: "நம் மக்களிடையே விழிப்புணர்வு இல்லை." அடுத்த வரி, "அரசாங்கம் பிரசாரம் நடத்த வேண்டும்." இலக்கணப் பிழை இல்லை, புள்ளியும் கிடைக்கும். ஆனால் அது உண்மையா என்று நாம் கேட்பதில்லை. சமையற்கட்டுக் கழிவைத் தனியாக எடுத்து வைப்பது நம் வீடுகளுக்குப் புதிய பழக்கம் இல்லை. இருந்த பழக்கம் எப்படிப் போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பேராக்கின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் மாலிமையும் அதைச் சுற்றியுள்ள தோட்டப்புறத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

1. சொற்கள் தரும் சான்று

தமிழாசிரியர்கள் நாம், அதனால் சொல்லிலிருந்தே தொடங்கலாம். "குப்பை" என்றால் இன்று வேண்டாத பொருள். சங்க இலக்கியத்தில் அச்சொல்லுக்குக் குவியல் என்ற பொருள் உண்டு; உப்புக் குவியலும் குப்பைதான். உழவர் வீட்டில் குப்பை என்றால் எரு. குப்பைமேனி, குப்பைக்கீரை என்று செடிகளுக்குப் பெயர் வைத்ததும் அந்த வழக்கத்தில்தான். சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட ஒரு வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிற காட்சி வருகிறது. குப்பைமேட்டில் கீரை முளைத்தது, அது சோற்றுக்குத் துணையானது. திருக்குறளின் உழவு அதிகாரம் உழுவதைவிட எருவிடுதல் நல்லது என்கிறது.

வீட்டுக்குள்ளும் சொற்கள் பிரிந்தே நின்றன. அரிசி களைந்த நீர் கழுநீர். பேச்சு வழக்கில் கழனித்தண்ணி. இரவு மீந்த சோறு மிச்சம். அதில் நீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு. வாய் பட்டது எச்சில். காய்கறித் தோல், வாழைத்தண்டு, பலாச்சுளையின் சடை எல்லாம் மாட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொன்றும் போக ஓர் இடம். இன்று இவை எல்லாவற்றையும் "குப்பை" என்ற ஒரே சொல்லில் அள்ளி, ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

2. லயத்து வாசல்

தமிழகத்துக் கிராமத்திலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள் இந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ரப்பர்த் தோட்டத்து லயங்களின் பின்புறம் ஆட்டுக் கொட்டகை, கோழிக்கூடு, சில வீடுகளில் பசுமாடு. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, கத்தரி வைத்த சின்னக் கொல்லை. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ கொஞ்சம் நிலம் ஒதுக்க வேண்டும் என்ற விதி அக்காலத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. எல்லா நிர்வாகமும் அதை மதித்ததா என்பது வேறு விஷயம்.

பசு வைத்திருந்த வீட்டில் கழுநீர்ப் பானையோ தொட்டியோ இருக்கும். பசு இல்லாத பக்கத்து வீட்டுப் பாட்டியும் தன் வீட்டுக் கழனித்தண்ணியைக் கொண்டுவந்து அதில் ஊற்றுவாங்க. பதிலுக்குக் கொஞ்சம் மோர் கிடைக்கும், இல்லாவிட்டால் பொங்கலன்று ஒரு செம்பு பால். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். யாரும் அவர்களுக்குக் கழிவு பிரிப்பதைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. பானைக்குள் சோப்புத் தண்ணி விழுந்தால் மாட்டுக்கு ஆகாது; அந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

சீனர்களின் புதுக்கிராமங்களிலும் இதுபோலத்தான். சாப்பாட்டுக்கடை மிச்சம் பன்றிப் பண்ணைக்குப் போனது. வாளி வைத்துச் சேகரிக்க ஆள் வருவார். மலாய்க் கம்பத்தில் கோழியும் பழமரமும் அந்த வேலையைச் செய்தன. தஞ்சோங் மாலிமில் 1922 நவம்பர் 29ஆம் நாள் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியை நாம் ஆசிரியர் பயிற்சிக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம். இன்று அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தொடக்க ஆண்டுகளில் அங்கே தோட்ட வேலையும் கூடை முடைதலும் பாடத்திட்டத்தில் முக்கிய இடம் பெற்றிருந்தன. மலாய்ப் பிள்ளைகளை உழவர்களாகவே வைத்திருக்க நினைத்த காலனியக் கொள்கை அதன் பின்னால் இருந்தது என்பது நியாயமான விமர்சனம். ஆனாலும் மண்ணும் எருவும் ஆசிரியர் அறிய வேண்டிய விஷயம் என்ற எண்ணம் இந்த ஊரில் ஒரு காலத்தில் இருந்தது.

3. அரிசி அருமையான காலம்

1942 ஜனவரி 7ஆம் நாள் சிலிம் ரிவர் போரில் பிரிட்டிஷ் படை முறிந்தது. தஞ்சோங் மாலிமுக்குச் சற்று வடக்கே நடந்த சண்டை அது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் ஜப்பான்காரன் காலம். போருக்கு முன் மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும்தான் வாங்கியது. அந்த வரத்து சுருங்கியதும் மரவள்ளிக்கிழங்கே சோறானது. கிழங்கு, கீரை, தோல் என்று எது கிடைத்தாலும் சாப்பாடு. கழிவு என்று ஒதுக்க அன்று என்ன மீந்திருக்கும்?

போர் முடிந்து ஏழாம் ஆண்டில் இன்னொன்று நடந்தது. 1952 மார்ச் 25ஆம் நாள், தஞ்சோங் மாலிம் அருகே சேதமான தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து தாக்கினார்கள். துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்பட 12 பேர் இறந்தனர். உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்து ஊர்ப் பெரியவர்களைக் கடிந்துகொண்டார். பிறகு ஊர் முழுவதற்கும் தண்டனை: நாளுக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கீடு குறைப்பு. ஏறக்குறைய இரண்டு வாரம் அது நீடித்தது.

அவசரகாலம் முழுவதும் அரிசி ஓர் ஆயுதமாகவே இருந்தது. காட்டிலிருந்தவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காகத் தோட்டத் தொழிலாளர்களை வேலிக்குள் குடியேற்றினார்கள். கடையில் விற்ற டின்களை ஓட்டை போட்டுக் கொடுத்தார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. சில பகுதிகளில் அரிசியைப் பொதுச் சமையற்கூடத்தில் வேகவைத்துச் சோறாகத்தான் கொடுத்தார்கள். இந்த வழியாக வந்த தலைமுறை, தட்டில் ஒரு பருக்கை கிடந்தால் பேரப்பிள்ளையை ஏன் அப்படி அதட்டியது என்று இப்போது புரிகிறதா? கஞ்சத்தனம் என்று நாம் நினைத்ததற்குப் பின்னால் கிழங்கும் ஊரடங்கும் இருக்கின்றன.

4. பானை மறைந்த கதை

அப்படியென்றால் பானை எங்கே போனது? யாரும் அதை வேண்டுமென்று தூக்கி எறியவில்லை. சுற்றி இருந்தவை ஒவ்வொன்றாகப் போயின.

முதலில் நிலம் போனது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுத்து நிறுத்தும் முயற்சியாகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை வந்தது. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் கைமாறியது. லயத்தை விட்டு வந்தவர்கள் தாமான் வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனார்கள். சிமெண்டு போட்ட பின்கட்டில் பசுவை எங்கே கட்டுவது?

அடுத்து, எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனது. 1998இல் ஈப்போ அருகே கிந்தாவில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிப்பா கிருமி நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. சிறிய பண்ணைகள் பல மூடப்பட்டன. வாளி தூக்கிப் போன ஆளும் அரிதானார்.

மூன்றாவது, உணவின் உடை மாறியது. வாழையிலையில் சாப்பிட்டால் இலையையும் மிச்சத்தையும் சேர்த்தே மாட்டுக்குப் போடலாம். இன்று ஒரு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்: மெழுகுத்தாள், ரப்பர் வளையம், சாம்பாருக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ரசத்துக்கு இன்னொன்று. சாப்பிட்டு முடித்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டுகிறோம். பிரிக்க முடியாதபடிதான் அந்தப் பொட்டலமே வருகிறது.

5. சட்டம் எதைக் கேட்டது?

தேர்வு மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்; கட்டுரைக்குத் தேவையான விவரம் இங்கேதான் இருக்கிறது.

நாட்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2007இல் நிறைவேறி, 2011 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதை ஏற்றன. அப்போது பேராக் ஏற்கவில்லை, சிலாங்கூரும் ஏற்கவில்லை. தஞ்சோங் மாலிமில் பெர்ணம் ஆறுதான் இரு மாநிலங்களுக்கும் எல்லை. ஆக ஆற்றின் இரு கரையும் அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றன. குப்பை எடுப்பது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது.

சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம். 2016 ஜூன் முதல் அபராதம்: தரைவீடுகளுக்கு முதல் தடவை 50 வெள்ளி, அடுத்து 100, பிறகு 500. வாரத்தில் இரண்டு நாள் எஞ்சிய கழிவும் ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளும் எடுக்கப்படும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. தாள், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகியவற்றைத்தான் தனியே வைக்கச் சொன்னார்கள். உணவுக் கழிவு "எஞ்சிய கழிவு" என்ற வகையில், பிள்ளைகளின் டயப்பரோடு ஒரே பையில் போனது. அதே காலத்தில், 2012இல் அரசு நடத்திய ஆய்வின்படி, வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு, பிளாஸ்டிக் 13.2 விழுக்காடு, தாள் 8.5 விழுக்காடு. அதாவது பையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்த பொருளைப் பிரிக்கும்படி யாரும் கேட்கவே இல்லை. கேட்காததைச் செய்யாத குடும்பத்தைப் பார்த்து "விழிப்புணர்வு இல்லை" என்று எழுதுவது எவ்வளவு தூரம் சரி?

மற்ற நாடுகளையும் பாருங்கள். தென்கொரியா 2005இல் உணவுக் கழிவை நேரடியாக நிலத்தில் கொட்டுவதைத் தடை செய்தது. 2013இல் எடைக்கு ஏற்ற கட்டணம் வந்தது. பிரித்து வைத்ததை எடுத்துப் போக ஏற்பாடும் கூடவே இருந்தது. ஏற்பாடு வந்தது, பழக்கமும் வந்தது.

6. பேசத் தயங்கும் ஒன்று: வெட்கம்

இடமும் ஏற்பாடும் மட்டும் காரணம் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். காலனியக் காலத்தில் நகரச் சுகாதாரக் கழகங்களில் தெருக் கூட்டவும், மலக்கூடை சுமக்கவும், குப்பை அள்ளவும் அமர்த்தப்பட்டவர்களில் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. அந்த வேலையில் சாதியின் நிழலும் விழுந்தது. அதனால் "படிக்கலேன்னா குப்பை அள்ளத்தான் போவே" என்ற வசை நம் வீடுகளில் பிறந்தது. வகுப்பறையிலும் அது இன்னும் கேட்கிறது. ஊரைக் காலராவிலிருந்து காத்த கைகளைப் பற்றியா இப்படிப் பேசுவது?

இந்த வசையைக் கேட்டு வளர்கிற பிள்ளை, குப்பையைத் தொடுவதையே இழிவாக நினைக்கும். அந்தப் பிள்ளையிடம் போய் "தோலைத் தனியா வை" என்று சுவரொட்டி ஒட்டினால் நடக்குமா? மறுசுழற்சி வாரம் கொண்டாடுவதற்கு முன் நாம் நிறுத்த வேண்டியது இந்த வசையைத்தான்.

7. இன்றைய பானை

பசு திரும்பி வராது. ஆனால் ஒரு மூடியுள்ள வாளி போதும். அடியில் சில துளைகள், மழை படாத இடம். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை ஒரு பங்கு என்றால் காய்ந்த இலை, கிழித்த அட்டை இரண்டு பங்கு. பிழிந்த துணி போல ஈரம் இருக்க வேண்டும். நாற்றம் வந்தால் காய்ந்த இலை குறைவு என்று பொருள். இன்னும் கொஞ்சம் போட்டுக் கிளறுங்கள். இறைச்சி, மீன், எண்ணெய்க் குழம்பு வேண்டாம், எலி வரும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்த எரு கிடைக்கும்.

இதே தோல் குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேன் வாயு உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அழுகிய நீர் மண்ணில் இறங்கி ஆற்றையும் கெடுக்கும். பெர்ணம் ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு இது எங்கேயோ நடக்கும் செய்தி இல்லை.

8. வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் மாணவரிடம் மூன்று வேலைகள் கொடுக்கலாம். ஒன்று, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் "உங்க காலத்துல சமையற்கட்டு மிச்சம் எங்கே போச்சு?" என்று கேட்டு, அவர் பேசிய நடையிலேயே அரைப்பக்கம் எழுதி வருதல். இரண்டு, கழுநீர், எச்சில், மிச்சம், எரு போன்ற சொற்களைத் தொகுத்து, இன்று எவை வழக்கில் இல்லை என்று குறித்தல். மூன்று, ஒரு வாரம் வீட்டுக் கழிவை உணவு, மற்றவை என்று இரண்டாகப் பிரித்து எடை போடுதல். வரும் விழுக்காட்டை 44.5 உடன் ஒப்பிடட்டும்.

மாணவர்களே, அதன் பிறகு கட்டுரை எழுதுங்கள். "விழிப்புணர்வு இல்லை" என்ற வரிக்குப் பதிலாக, இருந்த வழக்கம் எந்தக் காரணங்களால் அற்றுப்போனது, அதை மீட்க வீடு என்ன செய்யலாம், உள்ளூராட்சி மன்றம் என்ன ஏற்பாடு தர வேண்டும் என்று மூன்று பத்திகளில் காட்டுங்கள். திருத்துகிறவருக்கும் அது புதிதாக இருக்கும். உங்கள் பாட்டிக்குப் படித்துக் காட்டினால், அவங்க தலையாட்டுவாங்க.