கொபோலும் தொடர்பு அட்டவணையும்: ஒரு வரலாற்று நோக்கு

2020 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத் தொடக்கத்தில், பெருந்தொற்றினால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தபொழுது, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் பில் மேர்பி, கொபோல் மொழி அறிந்தோர் தொண்டர்களாக முன்வர வேண்டுமெனப் பகிரங்க அழைப்பு விடுத்தார். வேலையற்றோர் கொடுப்பனவு தாமதமாவதற்கு அறுபதாண்டுப் பழமையான ஒரு மொழியே காரணம் என்ற எண்ணம் அதன்வழிப் பரவலாயிற்று. ஆயின், அம்மொழி எத்தேவையை முன்னிட்டு உருவாக்கப்பட்டது, பின்னர் வந்த தொடர்பு அட்டவணைகளுடன் அது எவ்வாறு பிணைக்கப்பட்டது, அப்பிணைப்பைக் காத்துவந்த உழைப்பு யாருடையது ஆகிய வினாக்களை எழுப்பாது அக்கூற்றை ஏற்பது வரலாற்று நோக்காகாது. இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். மொழியையும் சமூகத்தையும் இணைத்து நோக்கும் ஆய்வு, மனிதர் பொறிக்கு எழுதும் மொழியை மட்டும் விலக்கிவைப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

1959 ஆம் ஆண்டு மே 28, 29 ஆந் திகதிகளிற் பென்ரகனில் நடைபெற்ற கூட்டத்திலேயே கொபோலின் கதை தொடங்குகிறது. அந்நாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்திடம் 225 கணனிகள் இருந்தன. மேலும் 175 கணனிகள் வருவிக்கப்படவிருந்தன. ஒரு பொறிக்கு எழுதிய செய்நிரல் மற்றொன்றிற் பயன்படாமையால், பொறி மாறுந்தோறும் அதே வேலைக்கு மீண்டும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. இச்செலவைத் தவிர்ப்பதே பொதுமொழி ஒன்றை வேண்டியதன் அடிப்படை. கிறேஸ் ஹொப்பரின் ஃபுளோ-மற்றிக் அதற்கு முன்மாதிரியாயிற்று. 1960 ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒரே செய்நிரல் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் இயக்கிக் காட்டப்பட்டது. ஆங்கிலச் சொற்களால் எழுதப்பட்டால் முகாமையாளரும் அதனைப் படித்தறியலாம் என்னும் எதிர்பார்ப்பும் உடனிருந்தது. தொழிலாளியின் கைத்திறனை மேலாளன் வாசிக்கத்தக்கதாக்கும் இவ்விருப்பம் கணனிக்கு முற்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொபோலின் இலக்கணம் பிரிவு, பகுதி, பந்தி, வாக்கியம் என அடுக்கப்பட்டது. அதன் வினைகள் யாவும் ஏவல் வினைகள்: கூட்டு, நகர்த்து, செய், எழுது. தரவு பற்றிய வருணனை தனிப்பிரிவில், 01, 05 முதலிய படிநிலை எண்களுடன் அமையும். ஊழியர் ஒருவரின் பதிவுக்குள்ளேயே பன்னிரு மாதச் சம்பளத்தையும் 'ஒக்கேர்ஸ்' என்னும் சொல்லால் அடக்கிவிடலாம். எழுதுவினைஞரின் பேரேட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு, அப்பக்கத்தில் எல்லாம் எழுதப்பட்டதை இது நினைவூட்டுகிறது. பதிவு ஒன்றைப் படித்து, கணக்கிட்டு, எழுதிவிட்டு அடுத்ததற்குச் செல்வதே அதன் இயக்கம். கோப்பின் அமைப்பு மாறினால் அதனைத் தொடும் செய்நிரல்களும் மாற வேண்டும்.

இந்நிலையை உடைக்க முற்பட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹொசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கார் கொட். இங்கிலாந்திற் பிறந்த இவர், செனற்றர் மக்கார்த்தியின் வேட்டையை வெறுத்து 1953 இல் ஐக்கிய அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குச் சென்று, பின்னர் திரும்பியவர். (இவ்வாழ்க்கைச் செய்தியிலிருந்து அவரது கோட்பாட்டை வருவிப்பது இயந்திரவாதமாகும், நாம் அதைச் செய்யவில்லை.) தரவு எவ்வாறு சேமிக்கப்பட்டுள்ளது என்பதைச் செய்நிரல் அறிய வேண்டியதில்லை என 1970 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் வாதிட்டார். தரவு யாவும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாக அமையும். பதிவுக்குள் பதிவு அடங்குதல் ஒழியும். வழி காட்டாது, வேண்டியதை மட்டும் கூறினாற் போதும். சார்ள்ஸ் பாக்மனோ 1973 இல் ரியூறிங் விருது பெற்று ஆற்றிய உரையில், தரவினூடே வழிகண்டு செல்லும் மாலுமியாகச் செய்நிரலாளரைக் கண்டார். 1974 இல் மிச்சிகனில் இரு தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன.

ஐ.பி.எம்.மின் நடத்தை இங்குக் கவனிக்கத்தக்கது. ஐ.எம்.எஸ். என்னும் அதன் படிநிலைத் தரவுத்தளம் நல்ல வருவாய் ஈட்டிக்கொண்டிருந்தது. தன் ஆய்வுகூடத்திற் பிறந்த கோட்பாட்டை அது விரைந்து சந்தைக்குக் கொணரவில்லை. சேம்பர்லினும் பொய்ஸும் வகுத்த சீக்குவல் 1974 இல் வெளிவந்திருந்தும், 1979 இல் ஒராக்கிளே முந்திக்கொண்டது. ஐ.பி.எம். 1981 இல் ஒரு தரவுத்தளத்தையும், 1983 இல் டீ.பி.2 இனையும் அறிவித்தது. உற்பத்திச் சக்தியின் வளர்ச்சிக்கு உடைமை தளையாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

ஆனால் அட்டவணை வந்தபொழுது கொபோல் போய்விடவில்லை. சம்பளமும் வங்கிக் கணக்கும் காப்புறுதியும் ஏற்கெனவே அதில் எழுதப்பட்டிருந்தன. எனவே புதிய மொழி பழையதன் உடலுக்குள் செருகப்பட்டது. 'எக்செக் எஸ்.கியூ.எல்.' என்று தொடங்கி 'எண்ட்-எக்செக்' என்று முடியும் துண்டுகளை ஒரு முற்தொகுப்பி பிரித்தெடுத்துச் சாதாரண அழைப்புகளாக மாற்றும். அதன் பின்னரே கொபோல் தொகுப்பி அதனைக் காணும். இப்பிணைப்பில் மூன்று உராய்வுகள் எழுந்தன. அட்டவணை தொகுதியாக விடை தருகிறது. கொபோலோ ஒரு நேரத்தில் ஒரு பதிவையே ஏந்தவல்லது. ஆகவே 'கேர்சர்' என்னும் சுட்டியை அறிவித்து, திறந்து, நிரை நிரையாகக் கொணர்ந்து, விளைவுக்குறி 100 என வந்ததும் நிறுத்தி மூட வேண்டியதாயிற்று. கொட் ஒழிக்க விரும்பிய மாலுமி கேர்சரின் வடிவில் மீண்டும் கப்பலேறினார்! அடுத்து, பெறுமதியே இல்லை என்னும் நிலையை அட்டவணை ஏற்கும். கொபோலின் புலத்திலோ வெற்றிடமோ பூச்சியமோ ஏதேனும் இருந்தே தீரும். பூச்சியச் சம்பளமும் அறியப்படாத சம்பளமும் ஒன்றல்லவே. ஆதலால் ஒவ்வொரு புலத்துக்கும் குறிகாட்டி மாறி ஒன்று துணைக்கு வேண்டியதாயிற்று. அது மறைப்பெறுமானமானால், பெறுமதி இல்லை என்பது பொருள். பன்னிரு மாதச் சம்பளத்தை ஒரே பதிவில் அடக்கிய பேரேட்டு முறையோ, மாதத்துக்கொரு நிரை கொண்ட தனி அட்டவணையாகப் பிரிய வேண்டியிருந்தது.

பல இடங்களில் அவ்வாறு பிரியவில்லை. பழைய கோப்பு அப்படியே ஓர் அட்டவணையாயிற்று, பதிவு நிரையாயிற்று, ஒரு வாக்கியத்திற் செய்யக்கூடிய அட்டவணைச் சேர்க்கையைக் கேர்சருக்குள் கேர்சர் வைத்துச் செய்நிரலே செய்தது. இதனைச் செய்நிரலாளரின் அறியாமை என்று எள்ளுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மறுநாட் காலையிற் சம்பளம் கொடுபட வேண்டிய நிறுவனத்தில், இலட்சக்கணக்கான வரிகளை மீளச் சிந்தித்து எழுதுவதற்கான நேரத்தை எந்த முகாமையாளரும் கொடுக்க முன்வரார்.

ஹரி பிறேவர்மன் 1974 இலும், அவரது வழியிற் பிலிப் கிறாவ்ற் 1977 இலும், செய்நிரலாக்கம் துண்டாடப்பட்டுத் திறன் பறிக்கப்படுவதைக் காட்டினர். அவர்களது ஆய்வு பெரிதும் சரியெனினும், ஓரிடத்தில் திருத்தம் வேண்டுகிறது. எந்த அட்டவணையில் பூச்சியத்தின் பொருள் 'தெரியாது' என்பது, எந்தப் புலம் இரு இலக்கங்களில் ஆண்டைத் தாங்குகிறது என்பது, பெரும்பாலும் ஆவணங்களில் இல்லை. பராமரிப்பவரின் நினைவிலேயே இருந்தது. அத்திறனைப் பறிக்க முடியாத முதலாளித்துவம் அதனை மலிவாக வாங்கும் இடத்தைத் தேடியது. 2000 ஆம் ஆண்டுச் சிக்கலைத் திருத்தும் வேலை 1990களிற் பெருமளவு இந்தியாவுக்குச் சென்றமையும், பெங்களூர், சென்னை நிறுவனங்கள் அதனால் வளர்ந்தமையும் இத்தேடலின் பகுதியே. அமெரிக்க வங்கியின் கணக்கைச் சென்னை இளைஞர் இரவிருந்து திருத்தினர். அவர்களுள் தமிழர் பலர்.

நியூ ஜேர்சி விடயத்தில், கணனி வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் 2020 இலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார். பின்னணியிலிருந்த கொபோல் செய்நிரல்கள் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. விண்ணப்பதாரர் தொட்ட, பிற்காலத்து ஜாவாவில் எழுதப்பட்ட முகப்பே நெரிசலில் விழுந்தது.